டோரீனக்காவின் ஒரே கேள்வி

"ஆத்துமா எப்படியிருக்கு?"

நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை ஒப்படைக்கும் காலை நேரம். டோரீனக்கா ஒரு கையால் பிள்ளையை வாங்குகிறார், மறுகையால் அதன் மூக்கைத் துடைக்கிறார், வாயோ தாயிடம் இதைக் கேட்கிறது.

"ஆத்துமாவுக்கு என்னக்கா, இடுப்புதான் பிடிச்சிருக்கு" என்கிறார் காளியாயி. அவர் முருக பக்தை. ஆனாலும் விலக்கு கிடையாது. பஸ் நடத்துநர் நிரோஷன் டோரீனக்காவை வளைவில் கண்டதுமே, "நல்லா இருக்குக்கா, ஏறுங்க!" என்று முந்திக்கொள்கிறான்.

டோரீனக்கா மெதடிஸ்த சபையில் வகுப்புத் தலைவி. சிறு குழுவாகக் கூடி ஒவ்வொருவர் ஆத்துமாவையும் வாராவாரம் விசாரிப்பது, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி காலத்து வழக்கம். பல இடங்களில் அது ஓய்ந்துவிட்டது. இவர் வாரம் முழுக்க நடத்துகிறார்.

சரித்திரத்தைப் பால்மா கரைத்துக்கொண்டே சொல்வார். "ஒக்ஸ்போர்ட்ல படிச்ச சில பயலுக எல்லாத்தையும் நேரம் வச்சு, முறை வச்சு செஞ்சாங்களாம். மத்தவனுங்க 'மெதடிஸ்டு, மெதடிஸ்டு'ன்னு கேலி பண்ணினானுங்க. நம்மாளுங்க அதையே பேரா வச்சுக்கிட்டாங்க. ரோசம் பார்த்திருந்தா நமக்குப் பேரே இல்ல."

அந்த முறை இங்கேயும் உண்டு. மணியடித்தால் பிள்ளைகள் தூங்க வேண்டும். ஏற்கெனவே தூங்கியவை அந்தச் சத்தத்தில் எழுந்துவிடும்.

இப்போது வீட்டில் சண்டை. ஹட்டன் துணிக்கடையொன்றில் வேலை பார்க்கும் மகள் மெரினா, அங்கே புதிதாகத் தொடங்கிய ஜெபக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். குழந்தையாக இருந்தபோது தலையில் தெளித்த தண்ணீர் போதாதாம். நாளை ஞாயிறு, ஆற்றில் முழுகி மறுபடி ஞானஸ்நானம் எடுக்கிறாள். அம்மா கரையில் வந்து நிற்க வேண்டும் என்று கேட்கத்தான் பிள்ளைக் காம்பராவுக்கே வந்திருந்தாள். போனால், தன் சபை தெளித்தது வீண் என்று ஊரறிய ஒப்புக்கொண்டதாகும். போகாவிட்டால், மகள் அங்கே ஆளில்லாமல் நிற்பாள்.

"ஞாபகமே இல்லாத ஞானஸ்நானம் எப்படிம்மா செல்லும்?"

"நீ பொறந்ததும்தான் உனக்கு ஞாபகமில்ல. மறுபடி பெத்துக்கவா?"

"இயேசுவே ஆத்துலதானே முழுகினாரு?"

"அவரு இந்த ஊருக் குளிர்ல முழுகலடி."

பிறகு அக்கா பெரிய ஆயுதத்தை எடுத்தார். "வெஸ்லி ஐயா சாகுற வரைக்கும் இங்கிலாந்துத் தாய்ச்சபைய விட்டுப் போகல, தெரியுமா?"

"அவரு போகல. அவரு ஆளுங்க போனாங்கதானே? போகலேன்னா மெதடிஸ்த சபை ஏது, நீங்க ஏது?"

சரித்திரத்தை அவள் அம்மாவிடம்தான் படித்திருக்கிறாள். அக்கா நேரத்துக்கு முன்பே தூக்க மணியை அடித்தார். எல்லாப் பிள்ளைகளும் எழுந்து அழுதன.

மெரினா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனதை மலையிலிருந்து பார்த்திருந்த காளியாயி, மாலையில் பிள்ளையை வாங்கும்போது மெல்லக் கேட்டார்.

"இன்னைக்கு நான் கேக்குறேன். உங்க ஆத்துமா எப்படிக்கா இருக்கு?"

யாரும் அவரிடம் அதைத் திருப்பிக் கேட்டதில்லை போலும். டோரீனக்கா வெளியே போய், பிள்ளைகளின் துணிகளோடு கொடியில் கிடந்த தலை துவட்டும் தன் பெரிய துவாயைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. கைப்பையிலிருந்த வேதப்புத்தகத்தை வெளியே எடுத்து, துவாயை அடியில் திணித்து, புத்தகத்தை அதன்மேல் வைத்து அழுத்திப் பையை மூடினார்.