சூடாக இருந்த சக்கரம்

பாலைவன ஊரான மெர்சூகாவில் மணல் பைக்குகளைப் பழுது பார்க்கும் ஹம்மூ, ஆட்களுக்கு சலாம் சொல்வதற்கு முன் சக்கர நடுவில் புறங்கையை வைத்துப் பார்ப்பான். சுட்டால் பேரிங்கில் கிரீஸ் இல்லை. இருபது வருடமாக அந்தக் கை ஏமாந்ததில்லை.

பைக்குகளை வாடகைக்கு விடும் இத்தோவின் கொட்டகையில் அன்று நான்கு பைக்குகளுக்கும் கிரீஸ் மாற்ற வந்திருந்தான்.

"நாலாவதுக்கு வேண்டாம் அண்ணே," என்றாள் இத்தோ. அவள் தம்பி இத்தர் போன மாதம் அதோடுதான் மணல்மேட்டில் கவிழ்ந்து செத்தான். அதன்பின் யாரும் அதைத் தொடவில்லை.

"சும்மா நின்னாலும் துருப்பிடிக்கும்மா. அப்புறம் என்னைத்தான் திட்டுவே."

மலிவு கிரீஸ் அந்த வெயிலில் உருகி ஓடிவிடும். இளகாத சிவப்பு கிரீஸை நாலாவதன் பேரிங்கிலும் அடைத்து மூடி, மீதி வேலை மறுநாளைக்கு என்று கொட்டகையைப் பூட்டி, அதன் சாவியையும் பைக் சாவிகளையும் தன் பையிலேயே போட்டுக்கொண்டான்.

மறுநாள் விடிகாலைக் குளிரில் கதவைத் திறந்தவன், பழக்கத்தில் நாலாவது பைக்கின் சக்கரத்தைத் தொட்டான். சுட்டது. மூடியைக் கழற்றினான். சிவப்பு கிரீஸ் கறுத்து, மணலோடு அரைபட்டுக் கிடந்தது.

பின்னால் வந்து நின்ற இத்தோ அதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"அதுக்குத்தான் வேண்டாம்னேன். பேரிங் இறுகி நிக்கட்டும் அண்ணே. அப்பவாவது தம்பி இறங்கித் தூங்குவான்."