குளச்சல் வேகம்

டேப் ரெக்கார்டர் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று எங்கள் கொட்டாரம் ஊரில் ஒரு வதந்தி உண்டு. பரப்பியது நான்தான். இந்தக் காலத்தில் யார் கேசட்டைத் தூக்கிக்கொண்டு வந்து சோதிக்கப்போகிறார்கள் என்ற தைரியம். குளச்சலிலிருந்து கல்லூரி நண்பன் போன் செய்தான்.

"மக்கா, உனக்க டேப்பு இப்பமும் ஓடுமாலே?"

அவன் சவூதியில் இருந்தவன். கல்யாணமான புதிதில் அவன் மனைவி ஒரு கேசட் முழுக்கப் பேசி, விடுமுறை முடிந்து சவூதிக்குத் திரும்பிய ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பினாள். கடற்கரைப் பக்கம் அப்போது கடிதத்துக்குப் பதில் கேசட்தான். போன வருடம் தொண்டையில் கட்டி வந்து அவளுடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது உயிருக்குப் பயமில்லை. பேச்சுதான் இல்லை, எல்லாம் போனில் தட்டிக் காட்டுவாள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். கேசட்டில் உள்ள குரலைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கிவிட்டால், உம்மா தட்டுவதைப் போனே உம்மாவின் குரலில் சொல்லும். ஒரே நிபந்தனை, கேசட் சரியான வேகத்தில் ஓட வேண்டும். வேகம் பிசகினால் காலத்துக்கும் அந்த வீட்டில் வேறு யாரோ பேசுவார்கள்.

மெஷினுக்குப் புது பெல்ட் மாட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். நாடாவைக் கடித்துத் துப்புகிறதா என்று முதலில் என்னுடைய பழைய கேசட் ஒன்றைப் பலி கொடுத்துப் பார்த்தேன். துப்பவில்லை. பிறகு அவர்களுடைய கேசட்டைப் போட்டேன்.

"நேத்து வாவல் மீன் கிட்டிச்சு. உங்கள நெனச்சு ரெண்டு துண்டு கூடத் தின்னேன்..."

மூச்சு விடாமல், ராகம் போட்டு, வாணலியில் கடுகு வெடிக்கிற மாதிரி வந்தது குரல். நான் தீர்ப்பு வழங்கினேன்.

"மோட்டார் ஓவர் ஸ்பீடு. மனுஷர் இவ்வளவு வேகமா பேசுவாவளா?"

மோட்டாரின் பின்னால் ஒரு துளை உண்டு. உள்ளே இருக்கும் திருகைக் கடிகாரக்காரரின் திருப்புளியால் திருப்பித் திருப்பி, குரலைச் சாந்தமாக்கினேன். ஆகாசவாணிச் செய்தி போல் நிதானமாக வந்தது. எனக்கே என்மேல் மரியாதை பிறந்தது. நண்பனின் மனைவி போனில் எதையோ தட்டி என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அண்ணே, இது நானில்ல. எங்க மாமி."

நண்பனிடம் கேட்டேன். "நீ சொல்லுலே. எது இவளுக்க சத்தம்?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு."

அவள் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் குரல்வளை தேவைப்படவில்லை.

இனி காதை நம்பிப் பயனில்லை, அளந்துவிடுவோம் என்றேன். கேசட் நாடா நூறு வினாடியில் நானூற்று எழுபத்தாறு சென்டிமீட்டர் ஓட வேண்டும் என்பது கணக்கு. வெற்றுக் கேசட்டில் ஒரு புள்ளி வைத்து, போனில் நேரம் பார்த்து ஓடவிட்டு, நிறுத்திய இடத்தில் இன்னொரு புள்ளி வைத்தேன். நாடாவை வெளியே உருவி நடைபாதை நெடுக விரித்தோம். கடல்காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் மின்விசிறியில் சுற்றப் பார்த்தது. ஒரு முனையை நண்பன் பெருவிரலால் மிதித்துக்கொண்டான், மறுமுனையை அவள். நடுவில் நான் தையல் டேப்போடு மண்டியிட்டுத் தவழ்ந்தேன்.

நான் சாந்தப்படுத்திய மெஷின் முப்பது சென்டிமீட்டர் குறைவாக ஓடியிருந்தது.

திருகைத் திருப்புவதும் தவழ்வதுமாக, முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகு அளவு வந்து நின்றது. கேசட்டை மறுபடி போட்டேன். அதே கடுகு வெடிப்பு. மோட்டார் முதலிலேயே சரியாகத்தான் இருந்திருக்கிறது. பிசகு என் காதில். நாங்கள் கிழக்கே வயல்காட்டில் வார்த்தையை நட்டுவைத்துவிட்டு, அது முளைக்கும்வரை காத்திருந்து அடுத்ததைப் பேசுகிறவர்கள். குளச்சலில் அலைக்கு மேல் பேச வேண்டும், அதுவும் பாட்டாக. ஒரே மாவட்டத்தில் ஐம்பது வருடம் வாழ்ந்தும் அவர்கள் பேச்சை நான் மோட்டார் கோளாறு என்று முடிவு கட்டியிருக்கிறேன்.

என் மெஷின் சரி. அன்றைக்குப் பதிவு செய்த மெஷின் எப்படி ஓடியதோ, அதை அளக்க என்னிடம் டேப் இல்லை. அவளைப் பார்த்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாவல் மீன் வந்த இடத்தில் சத்தமில்லாமல் உதடு கூடவே அசைந்தது, ஒரு சொல் முந்தாமல், ஒரு சொல் பிந்தாமல். "செரிதான்" என்று தலையாட்டினாள். கேசட்டை முழுக்கப் போனில் பதிவுசெய்து மகளுக்கு அனுப்பினோம்.

மூன்று வாரம் கழித்து நண்பன் வரச்சொன்னான். நான் போய் உட்கார்ந்ததும் அவள் போனில் தட்டினாள். போன் சொன்னது, கல்யாணமான புதிதின் குரலில், குளச்சல் வேகத்தில்:

"வாயப் பொளந்துட்டு நிக்காதீங்க, ஈ பூந்துரும். அண்ணனுக்குச் சாயா போடுங்க."

ஒரு வருடமாக ஏச்சு வாங்காத மனுஷன், அடுப்படிக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்.

"ஏட்டி, சீனி எங்க இருக்கு?"

தினமும் சாயா போடுகிறவன் அவன்தான். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தட்ட ஆரம்பித்தாள். மிக நீளமாகத் தட்டினாள்.