முன் தோள்

பிரதேச சபைத் தேர்தலில் எமில்டாவிடம் தோற்ற நாளிலிருந்து, ஊரில் எதைப் பார்த்தாலும் பெனடிக்ராவுக்கு வயிறு எரிந்தது. தெருவிளக்குகள் எமில்டா போட்டவை. மாதா கோயிலுக்குப் போகும் கிரவல் கொட்டி இறுக்கிய வீதியும் அவள் சபையில் சண்டை பிடித்து வாங்கியது. கோடையில் தண்ணீர் ஏற்றிய பவுசர் வண்டி வந்தாலும், "எங்கட எமில்டா அனுப்பினது" என்றார்கள்.

மாதா திருநாளில் மாதாவின் சிலையை, அந்தச் சுருவத்தை, முன்னால் நின்று தூக்குவது அவ்வூர்ப் பெண்களுக்குப் பெரிய மதிப்பு. இந்தமுறை அது எமில்டாவுக்குத்தான் என்று பெனடிக்ரா பொருமிக்கொண்டிருந்தாள். ஆனால் மாதர் சங்கத் தலைவி றோசம்மா பெனடிக்ராவைத்தான் கூப்பிட்டாள்.

"முன்னுக்கு நீ பிடி பிள்ளை."

"ஏனக்கா, உங்கட மெம்பர் எங்க?"

"பவுசர் பழுதாப் போச்சாம். திருநாள் சனத்துக்குத் தண்ணி வேணுமெண்டு வேற பவுசர் கொண்டரப் போயிட்டா. தன்ர இடத்தை உனக்குக் குடுக்கச் சொன்னதும் அவாதான்."

பெனடிக்ராவின் முகம் கறுத்தது. ஆனாலும் வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. சுருவத்தைத் தாங்கும் முன் தடிக்குத் தோளைக் கொடுத்தாள்.

போன வருடம் வரை கோயில் பாதையில் கால்கள் மணலில் புதையும், சுருவம் ஆடும். இன்று எமில்டா போட்ட கிரவலில் அது அசையாமல் போனது. ஒருக்காலாவது ஆடக்கூடாதா என்று அவள் மாதாவிடமே கேட்டாள். கேட்ட பிறகு பயந்துபோய், தடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.