குறுக்கே கிடந்த கொப்பு

2002 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு காட்டு மலைக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து பதினோரு பேர் நடந்து போனோம். படூரில் இருக்கும் அந்த அலுவலகத்தில் நான் டீ போடுபவன். அன்று தண்ணீர் கேனும் எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களும், உட்கார விரிக்க நான் கொண்டுவந்த போர்வையும் என் தோளில். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

முந்தின வாரம்வரை நல்ல மழை. பாதையெல்லாம் கல்லும் முள்ளும். ஒரு மணி நேரம் ஏறியதும் வழி இரண்டாகப் பிரிந்தது. இடது பக்க வழியின் குறுக்கே, பச்சை இலையோடு ஒடித்த ஒரு கொப்பு கிடந்தது. ரோட்டில் லாரி பழுதாகி நின்றால் பின்னால் தழை ஒடித்துப் போடுவார்களே, அதே மாதிரிதான். இந்தப் பக்கம் வராதே என்று அர்த்தம். மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த எனக்கு அது தெரியும்.

முன்னால் போன மேனேஜர் அதைத் தூக்கிப் புதரில் எறிந்தார். "வாங்க வாங்க, இதான் ஷார்ட் கட்" என்றார்.

எனக்கு வாய்வரை வந்தது. பத்தாவது படித்தவன், பட்டம் படித்தவர்களுக்கு வழி சொல்வதா என்று கூச்சம். விழுங்கிவிட்டேன்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ரிசப்ஷனில் இருக்கும் பெண் கால் வைத்த பாறை பெயர்ந்து, அவளும் அதோடு சரிந்தாள். கணுக்கால் முறிந்து பாதம் ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. தை மாதம் அவளுக்குக் கல்யாணம்.

அவள் அலறலைக் கேட்டு, விறகு பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். மூத்தவள் எங்களைப் பார்த்துக் கத்தினாள்.

"காலையிலதான கொப்பு ஒடிச்சிப் போட்டேன்? மழையில பாறையெல்லாம் பேந்துகினு கீது. கண்ணு இன்னா பொடனியிலயா கீது?"

"அங்க ஒண்ணுமே இல்லியேம்மா. நீ வேற எங்கயாவது போட்டிருப்ப" என்றார் மேனேஜர், கண்கூட இமைக்காமல்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நல்லது செய்தவளைப் பொய்க்காரி ஆக்குகிறாரே! "போட்டிருந்தாங்க சார். நீங்கதான் தூக்கி எறிஞ்சீங்க" என்றேன்.

அந்த மூத்தவள் என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். என்னிடம் திரும்பினாள்.

"உனக்கு அர்த்தம் தெரியுமா?"

"தெரியும்."

"அந்தாளு தெரியாம எறிஞ்சாரு. தெரிஞ்ச நீ இன்னாத்துக்குய்யா கம்முனு வந்த? வாய்ல கொழுக்கட்டையா வச்சிருந்த?"

அந்தப் பெண்களே தங்கள் விறகுக் கட்டைப் பிரித்து, இரண்டு நீளக் கழிகளில் என் போர்வையைக் கட்டித் தந்து, கீழேவரை ஒரு முனையைச் சுமந்தும் வந்தார்கள். மேனேஜர் செல்போனில் சிக்னல் தேடிக்கொண்டு முன்னால் நடந்தார்.

கல்யாணத்தன்று அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் தாலி கட்டினார்கள். மேனேஜர் மேல் உள்ள கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அவள் விந்தி விந்தி டீக்கு வரும்போதெல்லாம், அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் திறக்காத என் வாய்க்குத்தான் சேர வேண்டும் என்று படுகிறது.