இடது பக்கத்துக் கிளச்

பயிற்சி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவு வருவது உளுந்த வடைதான். முப்பது வருடம் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். வருடத்துக்கு இரண்டு தடவையாவது எங்களைப் பயிற்சி என்று கூட்டிவைத்து, பதினொரு மணிக்கு டீயும் வடையும் கொடுத்து, சார்ட் பேப்பரில் மீன் வரையச் சொல்லி, சாயங்காலம் 'பயிற்சி பயனுள்ளதாக இருந்தது' என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவார்கள். நானும் சளைக்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வடை நன்றாக இருந்த நாட்களில் 'மிகவும்' என்று சேர்த்துக்கொள்வதும் உண்டு.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் ஒரே கேலி. அவர் சங்கரன்கோவிலில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஸ்கூல் என்றால் ஒரு ரூம், ஒரு போர்டு, ஒரு வெள்ளைக் கார், அவ்வளவுதான். தறிக்காரர்கள், பூ மார்க்கெட் வியாபாரிகள், பேங்க் ஊழியர்கள் என்று ஊரில் பாதிப் பேர் அந்தக் காரில்தான் கியர் போடப் பழகினார்கள்.

"ஒங்க ட்ரெயினிங்ல இதுவரைக்கும் யாராவது பெயிலாகி இருக்காங்களா டீச்சர்?" என்று கேட்பார். வீட்டிலும் நான் அவருக்கு டீச்சர்தான். கோபம் வந்தால் மட்டும் ஏட்டி.

"இல்ல."

"அப்போ அது ட்ரெயினிங் இல்ல, விருந்து."

எனக்குச் சுருக்கென்று வரும். பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் கிடந்து இரண்டு வருடம் ஆசிரியர் பயிற்சி முடித்தவள் நான். ஒரு பாடத்தை எப்படித் தொடங்குவது, எந்த இடத்தில் கேள்வி கேட்பது, எப்போது சும்மா இருப்பது என்று நிமிடக் கணக்கில் குறிப்பு எழுதித் தேய்ந்த கை இது. அதைச் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "மண்டைக்குத் தெரியுதது வேற, கை காலுக்கு வாரது வேற. நீ அந்தக் காலத்துல டைப் அடிச்சியே, அதான் ட்ரெயினிங்" என்பார். அதுவும் உண்மைதான். பள்ளிப் படிப்பு முடித்த விடுமுறையில் டைப் கற்றுக்கொண்ட விரல்கள், சர்ச்சில் பிரசங்கம் நீண்டுபோனால் இன்றைக்கும் பைபிள் அட்டைமேல் தாமாகத் தட்ட ஆரம்பித்துவிடும்.

கல்யாணமான புதிதில் எனக்கும் கார் சொல்லிக் கொடுக்கப் பார்த்தார். புளியங்குடி ரோட்டில் எதிரே ஒரு எலுமிச்சை லாரி வந்தது. நான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கத்திய கத்தில் எனக்கு ரோஷம் வந்து, இறங்கி டவுன் பஸ் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் அந்தப் பேச்சையே நாங்கள் எடுக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற மறு வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் ஷேவ் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்தபோது பேச்சும் வலது பக்கமும் தப்பியிருந்தன. இடது கையும் இடது காலும் செத்தாற்போல் கிடந்தன.

சிவகிரியில் இருந்து ஒரு பிஸியோதெரபிப் பெண் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்கூட்டியில் வருவாள். சின்ன வயசு, கறாரான பேச்சு. "மூளையில இருந்து காலுக்குப் போற பழைய ரோடு அடைபட்டுட்டு டீச்சர். புது ரோடு போடணும். ஒரே அசைவ நூறு தடவ, எரநூறு தடவ செய்யணும். மொதச் சில மாசத்துல எவ்வளவு வருதோ அவ்வளவுதான். பொறவு வாரது கஷ்டம்" என்றாள்.

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. ஊரெல்லாம் சுற்றிய மனுஷன், படுக்கையோடு கிடந்தால் சீக்கிரமே போய்விடுவார் என்று எனக்குத் தெரியும்.

அவரோ அசைய மாட்டேன் என்று இருந்தார். அந்தப் பெண் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். "கால அமுக்குங்க, விடுங்க, அமுக்குங்க, விடுங்கன்னு... நான் என்ன எல்கேஜி புள்ளையா?" என்பார். நான் கெஞ்சினேன், திட்டினேன், ஜெபம் பண்ணினேன். கடைசியில் புத்திகெட்டுப்போய், பள்ளிக்கூடப் பழக்கத்தில் ஒரு சார்ட் எழுதிக் கட்டிலுக்கு எதிரே ஒட்டி, பயிற்சி செய்தால் ஸ்டார் என்றேன். அவர் அந்தச் சார்ட்டைப் பார்த்தார். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. என் கன்னத்தில் நானே ரெண்டு போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. சார்ட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

சொல்லிக் கொடுத்தே வாழ்ந்தவரிடம் கற்றுக்கொள் என்றால் எப்படி? இது எனக்கு உறைக்க ஒன்றரை மாதம் ஆனது. மறு வாரமே போய் எல்.எல்.ஆர். வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் குடுங்க."

"ஒனக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு?"

"ஒரு அவசரம்னா நான் யார் வாசல்ல போய் நிக்க? சொல்லித் தர முடியுமா, முடியாதா?"

மறுநாள் காலையில் காப்பி குடிக்கும்போது, "டயர்ல காத்து இருக்கான்னு பாத்தியா?" என்றார். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு டயரைப் பார்க்க ஓடினேன்.

திருவேங்கடம் ரோட்டில் ஊர் தாண்டியதும் ஒரு தரிசு நிலம் உண்டு. விடிந்ததும் ஒரு டிரைவரை வைத்து, என் வீட்டுக்காரரை இடது சீட்டில் தூக்கி உட்காரவைத்து, வண்டியை அங்கே கொண்டுபோய்விடுவோம்; டிரைவர் இறங்கி டீக்கடைப் பக்கம் போய்விடுவார். டிரைவிங் ஸ்கூல் காரில் இடது பக்க சீட்டின் அடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளச் இருக்கும். இரண்டு பக்கமும் இணைந்தவை. அந்தப் பக்கம் மிதித்தால் இந்தப் பக்கமும் தானாக இறங்கும். பிரேக் அவருடைய நல்ல காலுக்கு நேராக இருந்ததால் எனக்குப் பயமில்லை. இடது காலை நான்தான் தூக்கிக் கிளச் மேல் வைப்பேன்.

வண்டி குதிக்கும், இருமும், நின்றுபோகும். "ஏட்டி சவமே, கிளச்ச மிதி! காலு என்ன கடன் வாங்குன காலா?" என்று முதல் நாளே ஆரம்பித்துவிட்டார். நோய் வந்த பிறகு அவர் வாயில் இருந்து வந்த முதல் ஏட்டி அது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கும் திட்டு வாங்கினேன்.

மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன். ஒரு ஆடு திடீரென்று குறுக்கே ஓடியது. நான் பதறிப்போய்ப் பிரேக்கை மிதித்தேன். கிளச்சில் கால் சும்மா கிடந்தது, மிதிக்க மறந்துவிட்டேன். அப்போது என் பாதத்துக்குக் கீழே அந்தக் கிளச் தானாக இரண்டு விரற்கடை இறங்கியது.

வண்டி நின்றுபோனது. ஆடு போய்விட்டது.

"என்னங்க, நீங்க மிதிச்சீங்க."

"போ ஏட்டி. எங்கால்ல ஒண்ணுமே தெரியல."

"எங்காலுக்குத் தெரிஞ்சுது."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வண்டிய எடு. இன்னொரு தடவ" என்றார்.

மறுநாள் வீட்டில் அந்தக் காலை அசைத்துக் காட்டியதும் பிஸியோதெரபிப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணாச்சி, இதத்தான நான் ரெண்டு மாசமா கேக்கேன்!" என்று குதித்தாள். ஆனால் வீட்டில் அவர் பத்துத் தடவைக்கு மேல் செய்ய மாட்டார். காருக்குள் உட்கார்ந்தால்தான் அந்தக் காலுக்கு அவசரம் வரும். அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு சிக்கல் வந்தது. எனக்கு வண்டி நன்றாகவே வந்துவிட்டது. கிளச்சும் கியரும் பழகிப்போய், அவர் காலுக்கு வேலையே இல்லாமல் போனது.

பள்ளிக்கூடத்தில் தூங்கி விழும் வகுப்பை எழுப்ப, போர்டில் வேண்டுமென்றே ஒரு கணக்கைத் தப்பாகப் போடுவேன். பிள்ளைகள் டீச்சர் தப்பு, டீச்சர் தப்பு என்று எழுந்து நிற்பார்கள். அதையே இங்கேயும் செய்தேன். கிளச்சை மறந்தேன், பாதியில் விட்டேன், கியரை மாற்றும்போது திணறினேன். ஒவ்வொரு தடவையும் இடது பக்கத்தில் இருந்து வசவும் வந்தது, காலும் வந்தது. இரண்டு விரற்கடை நான்காகி, பிறகு முழுக் கிளச்சும் இறங்கியது. எழுந்து நின்றார். சுவரைப் பிடித்து நடந்தார். ஐப்பசி மழை பிடித்தபோது கம்பு ஊன்றி வாசல் கேட் வரைக்கும் போய்விட்டார்.

இப்போது கம்போடு கடைத்தெரு வரை போய்ப் பேப்பர் வாங்கி வருகிறார். ஸ்கூலை மூடிவிட்டார். லைசென்ஸ் வாங்கி வண்டியை நான் ஓட்டுகிறேன். இருந்தாலும் அந்த விடியற்காலைகளை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது. கரிசல் மண் ஈர வாசனையும், பிளாஸ்க் காப்பியும், எங்கள் இரண்டு பேர் சண்டையும் தவிர அங்கே வேறெதுவும் இல்லை. கல்யாணம் ஆகி அத்தனை வருடத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே கிடையாது.

அங்கே போன கடைசி நாளில், வழக்கம்போல் நான் கிளச்சை விட்டேன். அவர் மிதித்தார், ஆனால் திட்டவில்லை.

"போதும் டீச்சர். வேணும்னே தப்புப் பண்ணி எத்தன நாளாச்சு?"

"எப்படித் தெரியும்?"

"நெசமா தப்புப் பண்ணுதவ ரோட்டத்தான் பாப்பா. நீ மொதல்ல கண்ணாடில பின்னால ஆடு மாடு வருதான்னு பாக்க. பொறவு தப்புப் பண்ணுத. பொறவு எங்காலப் பாக்க."

"தெரிஞ்சே மிதிச்சீங்களா?"

"எங்கால நீ பாக்கையில, நான் ஒம் மூஞ்சியப் பாத்தேன்லா" என்றார். "அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிட்டி மிதிக்காம இருக்க?"