ஆள் இல்லாமல் ஓடிய கம்ப்யூட்டர்

பனியன் வெட்டியதில் மிஞ்சிய துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார் மாமா, தன் கம்பெனிக் கம்ப்யூட்டருக்கு. மாமா என் அம்மாவின் அண்ணன். அருள்புரத்தில் சின்னத் தையல் யூனிட் வைத்திருந்தார். அனிமேஷனும் புத்தாக்கமும் சேர்ந்த இரட்டைப் பட்டத்துக்கு நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. "பொம்மை போடறதுக்கு ரெண்டு டிகிரியாங்க?" என்றவர்களிடம், "ஒண்ணு பொம்மைக்குங்க, இன்னொண்ணு மூளைக்குங்க. உங்களுக்கு ரெண்டாவதுதான் அவசரமா வேணும்" என்று வாயை அடைத்தவர் அவர் ஒருவர்தான்.

எனக்கோ அந்தப் படிப்பென்றால் உயிர். கடைசி வருடம், புதிதாக ஒரு கருவியை யோசித்து, அது வேலை செய்வதை அனிமேஷன் படமாக்க வேண்டும். தையல்காரர்கள் மூக்கில் ஏறும் பஞ்சுத்தூசியை உறிஞ்சும் சின்னக் கருவி ஒன்றை யோசித்தேன். படம் தவறினால் இரண்டு பட்டமும் கிடையாது.

வரைந்ததையெல்லாம் கம்ப்யூட்டர் கோத்துப் படமாக்க அப்போது நாள்கணக்கில் ஆகும். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான். எங்கள் வீட்டில் அதற்கு வசதி இல்லை. மாமா தன் கம்ப்யூட்டரையே விட்டுக்கொடுத்தார், கரண்ட் போனால் ஜெனரேட்டரும் சேர்த்து. படத்தை ஒப்படைக்க இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. முக்கால்வாசி முடிந்திருந்தது. ஓடட்டும் என்று விட்டுவிட்டுக் குளிக்க வீட்டுக்குப் போனேன்.

வந்து பார்த்தால் திரை கறுப்பு. மாமாவின் யூனிட்டில் ஆள் இல்லாமல் எந்த மெஷினும் ஓடக்கூடாது. தண்ணீர் குடிக்க எழுந்தாலும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் எழ வேண்டும். மாமா சிரித்த முகத்தோடு வந்தார்.

"ஏங்கண்ணு, ஆளே இல்லாம ஓடிட்டு இருந்துச்சு. தொட்டா கொதிக்குது. உன்ற படம் கெட்டுப்போயிருமேன்னு நான்தான் நிறுத்துனேன்."

ஐயோ! அந்த முகத்தைப் பார்த்து நான் என்னத்தைச் சொல்ல? "நல்லதுங்க மாமா" என்றேன். யாரைக் கோபித்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

பல்கலைக்கழகத்தில் அழாத குறையாகக் கெஞ்சினேன். தேதி தேதிதான் என்றார்கள். அடுத்த வருடம் அந்தப் படிப்பையே எடுத்துவிட்டார்கள். படத்தை அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை என்று மட்டும் மாமாவிடம் சொல்லிவைத்தேன்.

இன்று நான் அவர் யூனிட்டில் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிறேன். மாமாவுக்கு வயதாகிவிட்டது, பல்கலைக்கழகத்தின் மேல் இருந்த கோபம் மட்டும் தணியவில்லை. போன வாரம் யாரோ என் படிப்பைப் பற்றிக் கேட்டுவிட, மனுஷன் கொதித்துவிட்டார்.

"எவன் கண்ணு உன்ற படிப்பக் கெடுத்தது? பேரைச் சொல்லு, இப்பவே போயிச் சட்டையப் புடிச்சுக் கேக்கறேன்."

"யாருமில்லீங்க மாமா" என்றேன்.