வில்மா சிரிக்காமல் எடுக்க நினைத்த படம்

வில்மா ஓடேகார்ட் சிரித்தால் எங்கள் ஹார்லன் ஃபிளாட் ஊர் முழுவதற்கும் கேட்கும். என் காபிக்கடை ஊரின் ஒரு கோடியில் இருக்கிறது, தபால் ஆபீஸ் மறு கோடியில். அங்கே அவள் எதற்காவது சிரித்தால், இங்கே முட்டை தின்றுகொண்டிருப்பவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "வில்மாவுக்குத் தபால் வந்திருக்கு போல" என்பார். ஊர் சின்னது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுவது அவள் வேலை. ஊர் எழுந்திருப்பதற்குள் சாலையைச் சுத்தமாக வழித்துப் போட்டுவிட்டு, பூட்ஸைத் தட்டிக்கொண்டு என் கடைக்குள் வருவாள். ஐம்பதைத் தாண்டிய, கதவை நிறைக்கிற உடம்பு. அவள் கணவன் ஆர்வின் இதற்கெல்லாம் நேர் எதிர். ஒல்லி. பேச மாட்டான். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர்கள் கல்யாணப் படத்திலேயே அவன் பல் டாக்டரிடம் வந்தவன் மாதிரிதான் நிற்கிறான். அவனுக்குப் பிடித்தது கோழி வளர்ப்பு. செத்துப்போன தன் அத்தைமார் பெயரையெல்லாம் கோழிகளுக்கு வைத்திருந்தான்.

"ஏன் ஆர்வின் இப்படி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ எங்க ஹில்டா அத்தையப் பாத்ததில்லையே, மேவிஸ்," என்றான். அத்தோடு பேச்சு முடிந்தது.

கேமரா வந்த கதை வேறு. தீயணைப்பு நிலையத்தின் வருடாந்தர விருந்தில் குலுக்கல் வைப்பார்கள். அந்த வருடம் முதல் பரிசு ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு ஃப்ரீசர். வில்மா அதன் மேல்தான் கண் வைத்திருந்தாள். ஃப்ரீசர் மதுக்கடைக்கார டெல்பர்ட்டுக்கு விழுந்தது. வில்மாவுக்கு விழுந்தது இரண்டாம் பரிசு: முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்த ஒரு கேமரா.

"டெல்பர்ட், உன்கிட்டதான் ஏற்கெனவே மூணு ஃப்ரீசர் கெடக்கே. மாத்திக்கலாமா?"

"நாலாவதும் கெடக்கட்டும்."

"அதுல என்னத்தப்பா வைப்ப?"

"மூணுல வைக்க எடமில்லாதத."

வீம்புக்காகத்தான் அவள் படம் எடுக்கவே ஆரம்பித்தாள். முதலில் கோழிகளை எடுத்தாள். ஆர்வினுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஹில்டா அத்தையின் பக்கவாட்டுத் தோற்றம் ஒன்றை அவனே சமையலறையில் ஒட்டிவைத்தான்.

ஜனவரியில் ஒருநாள் காலை வேலை முடித்து வருகிறபோது, புல்வெளிப் பக்கம் ஒரு கொயோட்டி நிற்பதை வில்மா பார்த்தாள். எங்களுக்குக் கொயோட்டி ஒன்றும் புதிதில்லை. ஓநாய்க்குத் தம்பி முறை, நரிக்கு அண்ணன் முறை, இரண்டு பேருடைய கெட்ட குணமும் உண்டு என்று இங்கே சொல்லிக்கொள்வோம். ஆனால் லாரியை நிறுத்தி, அது வேட்டையாடுவதை அவள் நிதானமாகப் பார்த்தது அன்றுதான். பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்கிறவர்கள் மாதிரி அது தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. பனிக்கு அடியில் எங்கோ ஒரு எலி சுரங்கம் தோண்டுகிற சத்தம் அதற்குக் கேட்கிறது. காது இரண்டும் முன்னால் வந்தன. பின்னங்கால் ஒடுங்கியது. ஒரே எம்பு. அந்தரத்தில் வில்லாக வளைந்து, மூக்கு முதலில் இறங்க, தலைகுப்புறப் பனிக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. வெளியே தெரிந்தது பின்னங்காலும் வாலும் மட்டும். பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷை யாரோ பனியில் நட்டுவைத்த மாதிரி.

கொஞ்ச நேரம் கழித்துத் தலை வெளியே வந்தது. முகமெல்லாம் வெள்ளை. வாயில் எலி இல்லை, ஒரு பிடி புல்தான் இருந்தது. யாராவது பார்த்துவிட்டார்களா என்பது போல இப்படியும் அப்படியும் பார்த்தது.

வில்மா சிரித்துவிட்டாள். கொயோட்டி போன இடம் தெரியவில்லை.

அந்தத் தாவலைப் படமாக எடுத்தே தீருவது என்று அன்றைக்கு முடிவு கட்டினாள். தினமும் போனாள். அந்தக் கொயோட்டியும் அதன் ஜோடியும் தினமும் அங்கே வந்தன, எலிச் சத்தம் கேட்டது, தாவின. எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அது தலைகுப்புற விழும், இவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும், கேமரா ஆடும், கொயோட்டி ஓடும். வாரக் கடைசியில் படங்களை என் கடை மேஜையில் பரப்பினாள். மேகம், வேலிக் கம்பம், அவளுடைய முழங்கால், ஓடுகிற கொயோட்டியின் பின்புறம். அப்புறம் இன்னொரு பின்புறம்.

டெல்பர்ட் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். "ஏன் வில்மா, முன்பக்கம் தனியா வருமா?"

"வாய மூடு. நாளைக்கு எடுக்கறேன் பாரு."

"நீ மொதல்ல உன் வாய மூடு. அப்பறம் எடுக்கலாம்."

ஆர்வின் அந்தப் பக்கமே திரும்பவில்லை. போன இலையுதிர் காலத்தில்தான் கோழிக் கூண்டின் கம்பியைப் பிரித்துக்கொண்டு ஒரு கொயோட்டி டோரா அத்தையைத் தூக்கிப் போயிருந்தது. "கொலகாரனப் போய் போட்டோ புடிக்கறா," என்று காபிக் கோப்பைக்குள் பார்த்துச் சொன்னான்.

"அவன்தான் இவன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் வில்மா.

"மூஞ்சியக் காட்டு, சொல்றேன். ஒரு படத்துலயாவது மூஞ்சி இருக்கா?"

வில்மா படங்களை வாரி எடுத்துக்கொண்டாள்.

சிரிப்பை அடக்க ஊரே யோசனை சொன்னது. சோகமாக எதையாவது நினைத்துக்கொள்ளச் சொன்னது நான்தான். வில்மா தன் மாமாவை அடக்கம் செய்ததை நினைத்துக்கொண்டாளாம். ஆனால் அன்றைக்குக் காற்றில் பாதிரியாரின் தொப்பி பறந்து குழிக்குள் விழுந்ததும், அதை எடுக்கக் குனிந்த ஆளின் கால்சட்டை கிழிந்ததும் கூடவே ஞாபகம் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், நாக்கு புண்ணானதுதான் மிச்சம். டெல்பர்ட் பல்லில் ஒட்டுகிற மிட்டாய் ஒரு பை நிறையக் கொடுத்தான். வாய் ஒட்டிக்கொண்டது உண்மை. சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. அந்தச் சத்தத்துக்குக் கொயோட்டிகள் மட்டுமில்லாமல் தூரத்தில் நின்ற மான்களும் ஓடின.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கம்பளி மஃப்ளரைச் சுருட்டி வாயில் திணித்துக்கொள்வது, கொயோட்டி கண்ணில் படாமல் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு பனியில் குப்புறப் படுத்துவிடுவது. வீட்டில் இருந்த வெள்ளை விரிப்பில் சின்னச் சின்ன நீலப் பூக்கள் இருந்தன. "கொயோட்டிக்குப் பூ தெரியாது," என்று சொல்லிவிட்டாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. ஃபிளாஸ்கில் காபி எடுத்துக்கொண்டு நானும் போனேன். ஆர்வின் சாலையோரமாக வண்டியை நிறுத்தினான். மூக்குக்குள் முடி உறைந்து குத்துகிற குளிர். வில்மா சட்டை மேல் சட்டை போட்டு, நடக்கிற மெத்தை மாதிரி புல்வெளியில் இறங்கிப் போனாள். படுத்தாள். விரிப்பை இழுத்து மூடிக்கொண்டாள். லென்ஸ் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வண்டிக்குள் நானும் ஆர்வினும் காபி குடித்தோம்.  

கொயோட்டி வந்தது. இன்று தனியாக. வில்மாவுக்கு எதிரே கொஞ்ச தூரத்தில் நின்று தலையைச் சாய்த்தது, தாவியது, சொருகிக்கொண்டது. வெறும் பனியோடு வெளியே வந்து தும்மியது.

விரிப்பு குலுங்க ஆரம்பித்தது.

"சிரிக்கறா," என்றான் ஆர்வின்.

ஆனால் சத்தம் வரவில்லை. மஃப்ளர் வேலை செய்தது. அதாவது, பெரிய சத்தம் வரவில்லை. கண்ணாடியை இறக்கிக் கேட்டேன். கம்பளியில் வடிகட்டி, மெல்லிசாக, "க்கீ... க்கீ... க்கீ" என்று என்னவோ கேட்டது.

கொயோட்டிக்கும் கேட்டது. அதன் இரண்டு காதும் வில்மா பக்கம் திரும்பின.

"ஐயோ ஆர்வின், அது எலின்னு நெனச்சிருச்சு!"

ஆர்வின் விரிப்பைப் பார்த்தான். "அவ்வளவு பெரிய எலியா?"

"ஹாரன அடி!"

அவன் கை ஹாரன் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. "வேணாம் மேவிஸ். இப்ப அடிச்சா படம் கெட்டுடும். அப்பறம் வருஷம் முழுக்க என்னைத்தான் திட்டுவா."

கொயோட்டி ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து நெருங்கியது. லென்ஸுக்குப் பின்னால் வில்மாவுக்கு என்ன ஆயிற்று என்பதை அவள் பிறகு சொன்னாள். வரவர அதன் முகம் பெரிசாகிக்கொண்டே வந்ததாம், பயத்தில் கை விறைத்துப் போனதாம். ஆனால் அதன் மீசையில் பனி உருண்டையாகத் தொங்கியதைப் பார்த்ததும் சிரிப்பு இன்னும் கூடிவிட்டது. சிரிப்பு கூட, "க்கீ க்கீ"யும் கூடியது. ஒரு குடும்பமே விருந்துக்கு உட்கார்ந்திருக்கிறது என்று கொயோட்டி நினைத்திருக்க வேண்டும். பின்னங்காலை ஒடுக்கிக்கொண்டு எம்பியது. கேமராவுக்கு மேலாகப் பறந்து போய், வில்மாவின் உடம்பிலேயே உயரமான இடம் எதுவோ அங்கே மூக்கு முதலாக இறங்கியது.

மஃப்ளர் தெறித்தது. வில்மா போட்ட சத்தத்தில் வண்டியின் கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது. அவள் ஒரு பக்கம் உருள, கொயோட்டி இன்னொரு பக்கம் பாய, விரிப்பு அதன் கழுத்தில் சுற்றிக்கொண்டது. நீலப் பூப்போட்ட ஒரு விரிப்பு தானாகவே எழுந்து, புல்வெளியைக் குறுக்காகக் கடந்து, மேடு ஏறி ஓடியதை நாங்கள் இருவரும் பார்த்தோம். முள்வேலியில் விரிப்பு மாட்டியது. கொயோட்டி அதை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

அப்போது என் பக்கத்தில் ஒரு விநோதமான சத்தம் கேட்டது. ரொம்ப நாள் ஓடாமல் கிடந்த தண்ணீர் பம்ப்பைப் போட்டால் முதலில் காற்றாக வருமே, அப்படி. வண்டிதான் ஏதோ செய்கிறது என்று நினைத்தேன். ஆர்வின். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

நான் இறங்கி ஓடினேன். "வில்மா! கடிச்சிருச்சா?"

"எங்கேர்ந்து கடிக்கறது? மூணு கால்சட்ட போட்டிருக்கேன். பாவம், அதுக்குத்தான் மூக்கு வலிக்கும்." வாயில் ஒட்டிய கம்பளி நூலைத் துப்பிக்கொண்டே எழுந்தாள். பிறகு வண்டிப் பக்கம் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"மேவிஸ், அவனுக்கு என்ன? மாரடைப்பா?"

"சிரிக்கறான்."

"ஆர்வினா?"

அவள் பனியைத் தட்டக்கூட இல்லை. கேமராவை எடுத்துக்கொண்டு முழங்கால் வரை புதையப் புதைய ஓடி, வண்டியின் கண்ணாடி வழியாகவே கணவனைப் படம் பிடித்தாள். அப்போது மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, கை ஆடவில்லை. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் இப்படியே இரு," என்று கெஞ்சிக்கொண்டே எடுத்தாள். அவன் வேண்டாம் என்று கையை ஆட்டினான், ஆனால் நிறுத்த முடியவில்லை. திரும்பி வரும்போது நான்தான் வண்டி ஓட்டினேன்.

கொயோட்டி நெருங்கி வந்தபோது வில்மாவின் விறைத்துப்போன விரல் கேமராவின் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அன்று மாலை அந்தப் படங்களைப் பார்த்தோம். நடுவில் ஒன்று. வானத்தில் ஒரு கொயோட்டி. முன்னங்கால்களை மார்போடு மடக்கி, காதுகளை நிமிர்த்தி, கீழே குனிந்து நம்மையே பார்க்கிறது. ஒவ்வொரு ரோமமும் தெரிகிறது. மீசையில் அந்தப் பனி உருண்டைகூட. என்ன நடக்கப்போகிறது என்று தெரியாத எவ்வளவு அழகான நம்பிக்கை அந்த முகத்தில்!

ஆர்வின் படத்தைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தான். "இவன் இல்ல," என்றான். "டோரா அத்தையத் தூக்கினவனுக்கு ஒரு காது கிழிஞ்சிருக்கும்." பிறகு, "மாட்டிக்கோ," என்றான்.

மாட்டினாள். பக்கத்திலேயே இன்னொன்றையும் மாட்டினாள், ஆர்வின் சிரிக்கிற படத்தை. ஊரே அவர்கள் வீட்டுக்குப் பார்க்க வந்தது. கொயோட்டியை ஒரு நிமிடம் பார்த்து, அடடா என்று சொல்லிவிட்டு, எல்லாரும் ஆர்வினின் பல்லைப் பார்க்கப் போய்விடுவார்கள். டெல்பர்ட் இரண்டு தடவை வந்தான். இரண்டாவது தடவை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான்.

"இது ஒட்டுவேல ஏதும் இல்லியே வில்மா?"

"கொயோட்டியப் பாருங்கய்யா," என்று ஆர்வின் சமையலறையிலிருந்து கத்தினான். "காடு மேடெல்லாம் அலைஞ்சு எடுத்திருக்கா!"

அடுத்த குளிர்காலத்திலிருந்து வில்மா மஃப்ளரும் இல்லாமல், விரிப்பும் இல்லாமல், சாலையோரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தே எடுக்கிறாள். அடக்குவதை விட்டுவிட்டாள். கொயோட்டி தலைகுப்புற விழும், இவள் ஊருக்கே கேட்கச் சிரிப்பாள். இப்போது அவை ஓடுவதில்லை. ஒரு தடவை தலையைத் தூக்கி, அவள்தானா என்று பார்த்துவிட்டு, மறுபடியும் பனிக்குள் காதை வைத்துக்கொள்கின்றன. படங்கள் இன்னமும் கொஞ்சம் ஆடித்தான் வருகின்றன.